சிறு செலவில் செம்மையான அளவு

மின்னணுச் சோதனைக் கருவிகளின் அளவுத் திருத்தம் பற்றி ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும்

நாழி, இடங்கழி, பறை ஆகியவற்றால் நெல்லளந்த காலத்தில் ஓர் ஊரின் பறை அடுத்த ஊரின் பறைக்குச் சமமாக இருக்கும் என்ற உறுதி இல்லை. விலையைப் பேசுவதற்கு முன்னர், எந்த ஊர்ப் பறை என்பதைக் கேட்டறிய வேண்டியிருந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பரில் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. பாறசாலை, குளத்தூர், பொழியூர் முதலிய ஊர்களில் தமிழ் பேசுவோர் எல்லைக்கு இருபுறமும் வாழலாயினர். அதே ஆண்டின் இறுதியில் நாடாளுமன்றம் எடை அளவைத் தரங்கள் பற்றிய சட்டத்தை இயற்றியது. 1958 முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக வழக்கிற்கு வந்தன. இவ்வாறு, களியக்காவிளையில் வரையப்பட்ட எல்லையின் இருபுறமும் கிலோகிராம் ஒன்றே ஆயிற்று.

கடைத்தராசின் எடைக்கற்களை ஆய்ந்து முத்திரையிடச் சட்டமும் அலுவலரும் உண்டு. ஆனால் பள்ளிச் சோதனைக்கூடத்திலுள்ள மல்டிமீட்டருக்கும், மின்பணியாளரின் பையிலுள்ள மெகருக்கும், கிளாம்ப் மீட்டருக்கும் அத்தகைய முத்திரை பெரும்பாலும் இல்லை. வாங்கிய நாளிலிருந்து பழுதாகும் நாள் வரை அவை காட்டும் எண்ணை நாம் அப்படியே நம்பிவிடுகிறோம். இந்நம்பிக்கை எவ்வளவு தகுதியுடையது, அதைச் சிறு செலவில் எவ்வாறு உறுதிப்படுத்தலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பிழையான அளவின் விலை

ஒரு பள்ளியின் நீரேற்று மோட்டாரை எடுத்துக்கொள்வோம். அதன் சுருள்களுக்கும் உலோக உறைக்கும் இடையிலுள்ள காப்புத் தடையை 500 வோல்ட் மெகரால் அளக்கிறோம். குறைந்தது 1 மெகா ஓம் இருக்கவேண்டும் என்பது மின்பணியில் நெடுங்காலமாகக் கொள்ளப்படும் அளவு. மெகர் உண்மை மதிப்பைவிட 20 சதவீதம் மிகுதியாகக் காட்டுவதாயின், 0.85 மெகா ஓம் தடையுள்ள மோட்டார் 1.02 மெகா ஓம் எனக் காட்டித் தேர்வில் வென்றுவிடும். மழைக்காலத்தில் காப்பு மேலும் நலிவுறும். உறையைத் தொடும் சிறுவனுக்கு அந்த மெகரின் பிழை தெரியாது.

சோதனைக்கூடத்தில் நேரும் தீங்கு உயிரைப் பற்றியதன்று, ஆயினும் சிறிதன்று. ஓம் விதியைச் சரிபார்க்கும் மாணவனுக்கு வோல்ட்மீட்டரின் பிழையால் விடை மாறுகிறது. அவன் தான் கண்ட எண்ணை அடித்துவிட்டுப் புத்தகத்திலுள்ள எண்ணை எழுதக் கற்றுக்கொள்கிறான். விஞ்ஞானக் கல்விக்கு இதனினும் பெரிய கேடு இல்லை.

அளவுத் திருத்தம் என்பது யாது?

காலிபரேஷன் என்பதை நாம் அளவுத் திருத்தம் என்று வழங்குகிறோம். இச்சொல் ஓரளவு மயக்கம் தருவது. திருத்துவது இப்பணியின் முதற்பொருள் அன்று, ஒப்பிடுவதே முதற்பொருள். மதிப்பு நன்கு அறியப்பட்ட ஒரு தரஅளவுடன் நம் கருவியை ஒப்பிட்டு, அது எவ்வளவு விலகிக் காட்டுகிறது, அந்த விலகலைக் கண்டறிந்ததிலும் எவ்வளவு நிச்சயமின்மை உண்டு என்பவற்றை எழுதித் தருவதே அளவுத் திருத்தமாகும். உள்ளிருக்கும் திருகைத் திருப்பிக் கருவியைச் சரிசெய்வது வேறு பணி. பல ஆய்வுக்கூடங்களில் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. பிழை இவ்வளவு எனத் தெரிந்துவிட்டால், சரிசெய்யாத கருவியையும் பிழையைக் கழித்துப் பயன்படுத்தலாம்.

தரஅளவும் தன்னினும் சிறந்த மற்றொன்றுடன் ஒப்பிடப்பட்டிருக்க வேண்டும். அதுவும் அவ்வாறே. இத்தொடர்புச் சங்கிலி நாட்டின் மூல அளவு வரை அறுபடாமல் செல்லவேண்டும். நம் நாட்டில் அதன் முதற்கண்ணி புதுதில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடமாகும். 1947-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1950-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் நாள் சர்தார் வல்லபாய் படேல் அதைத் திறந்துவைத்தார். அதன் முதல் இயக்குநராக விளங்கிய கே. எஸ். கிருஷ்ணன் இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்தவர் என்பது தமிழ் மக்களுக்குப் பெருமை தருவது.

வோல்ட்டின் பிறப்பிடம்

மூல அளவு என்பது பெட்டியில் வைத்துப் பூட்டிய ஒரு பொருளாக இருந்த காலம் உண்டு. வோல்ட்டைப் பொறுத்தவரை நெடுங்காலம் அது வெஸ்டன் மின்கலமாக இருந்தது. எட்வர்ட் வெஸ்டன் 1893-இல் உருவாக்கிய அக்கலம் 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ 1.0183 வோல்ட் தரும். அதைச் சாய்க்கவோ அதிர்க்கவோ கூடாது. அதிலிருந்து மின்னோட்டத்தை எடுக்கவும் கூடாது.

1962-இல் பிரையன் ஜோசப்ஸன் என்ற இளம் விஞ்ஞானி, மெல்லிய காப்பினால் பிரிக்கப்பட்ட இரு மீகடத்திகளின் சந்திப்பில் நுண்ணலையைச் செலுத்தினால் தோன்றும் மின்னழுத்தம் அவ்வலையின் அதிர்வெண்ணை மட்டுமே சார்ந்திருக்கும் என்று கணித்துக் கூறினார். அதிர்வெண்ணை அணுக் கடிகாரத்தால் மிக நுட்பமாக அளக்கலாமாதலால், வோல்ட்டை இயற்கையின் மாறிலி ஒன்றிலிருந்தே பெற வழி பிறந்தது. 1980-இல் கிளாஸ் ஃபான் கிளிட்ஸிங் கண்ட குவாண்டம் ஹால் விளைவு, மின்தடைக்கும் அத்தகைய வழியைத் தந்தது. இவை இரண்டும் 1990 முதல் உலகெங்கும் ஒப்புக்கொண்ட மதிப்புகளுடன் வழங்கின. 2019-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் அலகுகளின் வரையறை மாற்றப்பட்டபோது அம்மாறிலிகள் முற்றிலும் நிலைபெற்றன. அம்மாற்றத்தால் வோல்ட்டில் நேர்ந்த வேறுபாடு ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கு. நம் கைக்கருவிகள் அதை உணரா. ஆயினும் அக்கருவிகளின் எண்ணுக்குப் பொருள் தருவது அம்மூல அளவே என்பதை மாணவர்க்குக் கூறலாம்.

எங்கே செல்வது?

குளத்தூர் திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடலோரச் சிற்றூர். இவ்வூரார்க்கு வாய்த்த நன்மை ஒன்றுண்டு. மத்திய அரசின் மின்னணுவியல் அமைச்சகத்தைச் சார்ந்த, எஸ்.டி.க்யூ.சி. என வழங்கும் இயக்ககம் நடத்தும் தென்மண்டல மின்னணுச் சோதனை ஆய்வுக்கூடம் திருவனந்தபுரத்திலேயே உள்ளது. மின் அளவிகளுக்கெனக் கேரள மின் ஆய்வுத் துறையின் அளவிச் சோதனை ஆய்வுக்கூடமும் அந்நகரில் உண்டு. தமிழ்நாட்டில் சென்னையில் எஸ்.டி.க்யூ.சி.யின் மையமும், கிண்டியில் சிறுதொழில்களுக்கான அரசுச் சோதனை மையமும், கோயம்புத்தூரில் தொழில்முனைவோர் துணையுடன் நடைபெறும் சிட்டார்க் நிலையமும் உள்ளன. அரசு நிலையங்களேயன்றித் தனியார் ஆய்வுக்கூடங்களும் பல.

எதை நம்புவது என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. என்.ஏ.பி.எல். எனச் சுருங்க வழங்கும் தேசிய அங்கீகார வாரியம், ஐ.எஸ்.ஓ. 17025 என்னும் உலகத் தரநெறிப்படி ஆய்வுக்கூடங்களை ஆய்ந்து ஏற்பளிக்கிறது. இத்தரநெறி 1999-இல் முதன்முதல் வெளிவந்து, 2017-இல் இறுதியாகத் திருத்தப்பட்டது. ஏற்பு, ஆய்வுக்கூடத்துக்குப் பொதுவாக அளிக்கப்படுவதன்று. எந்த அளவை, எந்த எல்லைக்குள், எவ்வளவு நிச்சயமின்மையுடன் என்று பட்டியலிட்டு அளிக்கப்படுவது. வோல்ட்டுக்கு ஏற்புப் பெற்ற நிலையம் மெகருக்கும் பெற்றிருக்கும் என்று கொள்ளலாகாது. அப்பட்டியலை வாரியமே வெளியிடுகிறது. கருவியை அனுப்புமுன் அதைப் பார்த்தல் நன்று.

செலவைக் குறைக்கும் வழிகள்

மலிவான மல்டிமீட்டரின் விலையினும் அதன் அளவுத் திருத்தக் கட்டணம் மிகுவது வழக்கமே. இருபது மீட்டர்கள் உள்ள பள்ளி இருபதையும் ஆண்டுதோறும் அனுப்ப இயலாது, அனுப்பவும் தேவையில்லை. ஒரு நல்ல மீட்டரை மட்டும் அனுப்பி, அதைக் கொண்டு மற்றவற்றை நம்மிடத்திலேயே ஒப்பிடுவதே முறை. அவ்வொரு மீட்டரை நாள்தோறும் வழங்காமல் பெட்டியில் வைத்து, ஒப்பீட்டுக்கு மட்டும் எடுக்கவேண்டும். அதை மூலமீட்டர் என்போம்.

மூலமீட்டர் எவ்வளவு சிறந்ததாக இருக்கவேண்டும்? ஒப்பிடப்படும் கருவியினும் நான்கு மடங்கு துல்லியம் போதும் என்பது தொழிலோர் வழக்கு. ஓர் எடுத்துக்காட்டு காண்போம். மூன்றரை இலக்க மல்டிமீட்டரின் துல்லியம் 0.5 சதவீதமும் கடைசி இலக்கத்தில் 2 எண்ணும் என்று கையேட்டில் இருப்பதாகக் கொள்வோம். 20 வோல்ட் வரிசையில் அது 12.00 எனக் காட்டினால், 0.5 சதவீதம் 0.06 வோல்ட், இரண்டு எண் 0.02 வோல்ட், கூட்டினால் 0.08 வோல்ட். உண்மை மதிப்பு 11.92-க்கும் 12.08-க்கும் இடையே இருக்கலாம். 0.05 சதவீதமும் 3 எண்ணும் துல்லியமுள்ள நாலரை இலக்க மீட்டரோ அதே இடத்தில் 0.009 வோல்ட் அளவே பிழைபடும். ஆகவே அது மூலமீட்டராக இருக்கத் தாராளமாகத் தகுதியுடையது. இதனினும் விலையுயர்ந்ததைப் பள்ளி வாங்கவேண்டியதில்லை.

அனுப்பும்போதும் சிக்கனம் உண்டு. கட்டணம் பெரும்பாலும் அளவைகளின் எண்ணிக்கையையும் சோதிக்கும் புள்ளிகளின் எண்ணிக்கையையும் பொறுத்தது. நாம் பயன்படுத்தாத வரிசைகளைச் சோதிக்கக் கேட்கவேண்டாம். நேர்மின்னழுத்தத்தில் சில புள்ளிகள், மாறுமின்னழுத்தத்தில் 230 வோல்ட்டை ஒட்டிய ஒரு புள்ளி, தடையில் மூன்று புள்ளிகள், மின்னோட்டத்தில் இரண்டு புள்ளிகள் என எழுத்தில் குறித்துக் கேட்கலாம். பக்கத்துப் பள்ளிகள், தொழிற்பயிற்சி நிலையம், மின்வாரியப் பிரிவு அலுவலகம் ஆகியவை கூடி ஒரு மூலமீட்டரைப் பொதுவில் வைத்துக்கொண்டால், கட்டணம் பங்கிடப்படும். ஒரே பயணத்தில் பல கருவிகளையும் கொண்டுசெல்லலாம்.

நம்மிடத்தில் செய்யக்கூடிய ஒப்பீடுகள்

நேர்மின்னழுத்தம்: இரு மீட்டர்களை ஒரே 12 வோல்ட் மின்கல அடுக்கில் ஒரே நேரத்தில் இணைத்து, இரண்டின் எண்களையும் படிக்கவேண்டும். அடுக்கின் உண்மை மின்னழுத்தம் யாதாயினும் கவலையில்லை. அச்சமயத்தில் அது இரண்டுக்கும் ஒன்றே. கடைகளில் கிடைக்கும் ஏ.டி. 584 போன்ற நிலைமின்னழுத்தச் சில்லுகள் 10, 7.5, 5, 2.5 வோல்ட் தருவன. அவற்றுள் கே என்னும் தரத்தது 10 வோல்ட்டில் 10 மில்லிவோல்ட் எல்லைக்குள் அமைவது. மூலமீட்டரால் ஒருமுறை அளந்து எழுதி வைத்துக்கொண்டால், இது நாட்சோதனைக்குப் போதுமானது.

மின்தடை: 0.1 சதவீதத் தரமுள்ள உலோகப்படல ரெசிஸ்டர்கள் சிலவற்றை ஒரு பெட்டியில் பதித்து வைக்கலாம். பாகைக்குப் பத்து லட்சத்தில் 25 பங்கு மாறும் ரெசிஸ்டர், வெப்பம் 10 பாகை உயர்ந்தால் 0.025 சதவீதமே மாறும். ஆகவே குளிரூட்டிய அறை இல்லாத பள்ளியிலும் இது பயன்தரும். சிறு தடைகளை அளக்கும்போது முதலில் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து, காட்டும் ஓம்களைக் கழித்துவிட வேண்டும்.

மெகர்: 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றை நேரே இணைத்தல் தவறு. சாதாரணக் கால் வாட் ரெசிஸ்டர்கள் பொதுவாக 250 வோல்ட்டுக்கு மேல் தாங்கும்படி அமைந்தவை அல்ல. 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் பத்தைத் தொடராக இணைத்து, காப்புக் குழாயில் இட்டு மூடினால், 500 வோல்ட்டில் ஒவ்வொன்றுக்கும் 50 வோல்ட்டே வரும். அதன் மின்திறன் 0.025 வாட் மட்டுமே. ஒவ்வொன்றும் 1 சதவீதத் தரமாயின் மொத்தமும் 1 சதவீதத்துக்குள் இருக்கும். மெகரின் பிழையெல்லை பெரும்பாலும் இதனினும் பெரியதாதலால் இவ்வெளிய குழாய் நல்ல சோதனையாகும். சோதிக்கும்போது வெறுங்கையால் முனைகளைத் தொடலாகாது.

கிளாம்ப் மீட்டர்: 20 ஆம்பியர் மின்னோட்டத்தை உண்டாக்கப் பெருஞ்சாதனம் வேண்டுவதில்லை. காப்பிட்ட கம்பியைக் கவ்வியின் நடுவே பத்துச் சுற்றுகள் செலுத்தி, அதில் 2 ஆம்பியர் ஓடவிட்டால், மீட்டர் 20 ஆம்பியர் காட்டவேண்டும். அந்த 2 ஆம்பியரை மூலமீட்டரால் அளந்துகொள்ளலாம்.

அலைவரிசைகாட்டி: பெரும்பாலான ஆஸிலோஸ்கோப்புகளின் முகப்பில் ஏறத்தாழ 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை தரும் முனை ஒன்று உண்டு. சோதனை முனையை அதனுடன் இணைத்து, அலையின் மேல்விளிம்பு சமமாகும்வரை சிறு திருகைத் திருப்பவேண்டும். இதற்குச் செலவே இல்லை; ஆயினும் இதைச் செய்யாமையால் நேரும் பிழை பெரிது. அதிர்வெண் மானிகளைச் சோதிக்க மின்வழங்கலின் 50 ஹெர்ட்ஸைத் தரஅளவாகக் கொள்ளலாகாது. அது எப்போதும் சிறிது ஏறியிறங்கும். செயற்கைக்கோள் கடிகாரக் குறிகளைப் பெறும் சிறு கருவிகள் இன்று குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. விநாடிக்கு ஒரு துடிப்பு தரும் அவற்றைக் கொண்டு எண்ணுமானியை ஒப்பிடலாம்.

பிழையெனத் தோன்றும் பிழையல்லாதவை

ஒப்பீட்டில் வேறுபாடு தென்பட்டவுடன் கருவியைக் குறைகூறுதல் கூடாது. முதலில் மீட்டரின் மின்கலத்தைப் பார்க்கவேண்டும். நலிந்த மின்கலத்தால் மல்டிமீட்டரின் எண் பிழைபடும். பெரும்பாலும் மிகுதியாகவே காட்டும். முள்மீட்டராயின் முள் பூச்சியத்தில் நிற்கிறதா, பார்வை நேரே உள்ளதா என்று காணவேண்டும். அதன் துல்லியம் முழு அளவின் சதவீதமாகவே குறிக்கப்படும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். 1.5 வகுப்புள்ள 300 வோல்ட் மீட்டர் எந்த இடத்திலும் 4.5 வோல்ட் வரை பிழைபடலாம். 230-இல் அது 2 சதவீதமளவே. 50-இல் அதுவே 9 சதவீதம்.

வீட்டு இன்வெர்ட்டரின் வெளியீட்டை அளக்கும்போது இரு மீட்டர்கள் பெரிதும் மாறுபடுவதைப் பணியாளர் பலர் கண்டிருப்பர். சராசரியை அளந்து 1.11-ஆல் பெருக்கிக் காட்டும் மீட்டர், சதுர அலையில் ஏறத்தாழ 11 சதவீதம் மிகுதியாகக் காட்டும். மெய்யான ஆர்.எம்.எஸ். அளக்கும் மீட்டரோ சரியாகக் காட்டும். முன்னதில் பழுதில்லை, அது சைன் அலைக்கென அமைந்தது. இதை எந்த அளவுத் திருத்தமும் போக்காது.

குளத்தூர், பொழியூர் போன்ற கடலோர ஊர்களில் உப்பும் ஈரமும் கலந்த காற்று மற்றொரு காரணம். தேர்வுச் சாவியின் தொடுமுனைகளும் கம்பியின் முனைகளும் கறைபடிந்து தடையை மிகுவிக்கும். மெகா ஓம் அளவில் மேற்பரப்பின் ஈரமே மின்னோட்டத்தைக் கசியவிடும். மூலமீட்டரைச் சிலிக்கா ஜெல் இட்ட மூடிய பெட்டியில் வைப்பதும், ஒப்பீட்டை மழையற்ற நாளில் செய்வதும் செலவில்லாத பாதுகாப்புகள்.

சான்றிதழைப் படிக்கும் முறை

கருவியின்மேல் ஒட்டிய வண்ணச் சீட்டு சான்றிதழ் ஆகாது. சான்றிதழில் தரஅளவின் மதிப்பு, கருவி காட்டிய மதிப்பு, நிச்சயமின்மை, சோதித்தபோது இருந்த வெப்பமும் ஈரப்பதமும், மூல அளவுடன் உள்ள தொடர்பு ஆகியவை இருத்தல் வேண்டும். நிச்சயமின்மை பெரும்பாலும் கே என்பது 2 என்ற குறிப்புடன் தரப்படும். உண்மை மதிப்பு அவ்வெல்லைக்குள் இருக்குமென்று ஏறத்தாழ 95 சதவீத நம்பிக்கையுடன் கூறலாம் என்பது அதன் பொருள். எண்கள் இன்றிச் சரியாக உள்ளது என்று மட்டும் எழுதிய தாளுக்குக் கட்டணம் தருவது வீண்.

அடுத்த சோதனை எப்போது என்பதை ஆய்வுக்கூடம் விதிப்பதில்லை. ஐ.எஸ்.ஓ. 17025 நெறிப்படி, வாடிக்கையாளர் உடன்பட்டாலன்றிச் சான்றிதழில் அதைக் குறிக்கவே கூடாது. முடிவு செய்யவேண்டியவர் கருவியின் உடைமையாளரே. முதலில் ஓராண்டு எனத் தொடங்கி, மூன்று சான்றிதழ்களிலும் எண்கள் அசையாது நின்றால் கால இடைவெளியை நீட்டலாம், அசைந்தால் குறைக்கவேண்டும். கருவி கீழே விழுந்தாலோ பழுது நீக்கப்பட்டாலோ இடைவெளியைப் பாராமல் உடனே சோதிக்கவேண்டும். பணச் சிக்கனத்துக்கு இதனினும் நேர்மையான வழி இல்லை. ஆனால் இதற்குப் பழைய எண்கள் கையில் இருக்கவேண்டும்.

ஆகவே ஒவ்வொரு சோதனைக்கூடத்திலும் பிரிவு அலுவலகத்திலும் ஒரு பதிவேடு வேண்டும். கருவியின் எண், நாள், ஒப்பிட்ட புள்ளி, மூலமீட்டரின் எண், நம் கருவியின் எண், ஒப்பிட்டவர் பெயர் ஆகிய ஆறு பத்திகள் போதும். எல்லை கடந்த கருவிக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டி, எந்த வரிசையில் நம்பலாகாது என்று அதில் எழுதவேண்டும். தடைவரிசை மட்டும் பிழைபட்ட மீட்டர் வோல்ட் அளக்க இன்னும் உதவும்.

இப்பணியை மாணவரிடமே ஒப்படைக்கலாம். குளத்தூர் அரசுத் தொழில்நுட்பப் பள்ளி போன்ற இடங்களிலும், நெய்யாற்றின்கரையிலும் எல்லைக்கு அப்பாலும் உள்ள பள்ளிகளிலும், ஒரே ரெசிஸ்டர் பெட்டியைச் சுற்றுக்கு அனுப்பி, ஒவ்வொரு பள்ளியும் தான் கண்ட எண்ணை மூடிய உறையில் எழுதித் தரச் செய்யலாம். உறைகளைத் திறந்து எண்களை ஒரு வரைபடத்தில் குறித்தால், விலகி நிற்கும் மீட்டர் எது என்பது உடனே புலப்படும். ஆய்வுக்கூடங்கள் தம் திறனைச் சோதித்துக்கொள்ளும் முறையும் இதுவே. தான் கண்ட எண்ணை மறைக்காமல் எழுதுவதும், பிறர் எண்ணுடன் வைத்து ஆராய்வதும் அம்மாணவருக்குப் பழக்கமாகும்.

பள்ளி தொடங்கும் பருவத்தில் பத்து ரெசிஸ்டர்களும் ஒரு குழாயும் வாங்கி, கையிலுள்ள மெகரை முதலில் சோதிப்பது நல்ல தொடக்கம். நீரேற்று மோட்டாரின் சோதனை அதன் பின்னர் நடைபெறட்டும்.